சிறையிலிருந்து வருபவர்களுக்கு மேற்பார்வைத் திட்டம்: 40 பேர், 2 ஊழியர்கள், எல்லாருக்கும் வாரம் ஒரு சந்திப்பு என்றால் சரிவருமா?

ஓடக்கரை:

வணக்கம். தண்டனை முடிந்தோ நிபந்தனையின் பேரிலோ வெளியே வருபவர்களுக்காக ஒரு சிறிய தொண்டு அமைப்பு மேற்பார்வைத் திட்டம் தொடங்குகிறது. வரைவு எழுதும் பொறுப்பு என்னுடையது. ஊழியர்கள் 2 பேர், பட்டியலில் 40 பேர், மாதத்துக்கு 4 பேர் புதிதாக வருவார்கள் என்று கணக்கு.

எழுதியிருப்பது இதுதான்: ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு சந்திப்பு, 1 மணி நேரம். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. கையெழுத்து வாங்கும் தாளில் 17 நிபந்தனைகள். மூன்று முறை வராவிட்டால் மேலிடத்துக்கு அறிக்கை. ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி என்று பேச்சு வரக்கூடாது என்பதால்தான் எல்லாருக்கும் ஒரே அளவு.

இந்த அமைப்பு ஓடுமா? முதல் வாரத்தில் கட்டாயம் நடக்க வேண்டியது என்ன? சந்திப்புக்கு வராதவரை என்ன செய்வது? காலில் கட்டும் ஜிபிஎஸ் பட்டை கொடுக்க ஒரு நன்கொடையாளர் முன்வருகிறார், வாங்கலாமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்காரன்:

முதலில் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு மாதம் 4 சந்திப்பு 4 மணி, குறிப்பு எழுத 1 மணி, வீட்டுக்குப் போய்வர 2 மணி. மொத்தம் 7. நாற்பது பேருக்கு 280 மணி. இரண்டு ஊழியர்கள் தினம் 6 மணி நேரம் ஆட்களுக்கென்று ஒதுக்கினால்கூட, மாதம் 22 நாளில் கிடைப்பது 264 மணிதான். புதிதாக வரும் 4 பேரைச் சேர்ப்பதற்கு முன்பே திட்டம் கடனில் நிற்கிறது. இரண்டாம் மாதமே 1 மணி நேரச் சந்திப்பு பத்து நிமிடக் கையெழுத்தாகச் சுருங்கிவிடும். தாளில் 1 மணி என்றே பதிவாகும்.

அதைவிடப் பெரிய சிக்கல், சம அளவு என்பதிலேயே இருக்கிறது. ஆண்ட்ரூஸ், போன்டா, ஹோஜ் மூவரும் 1990-இல் வகுத்த இடர், தேவை, ஏற்புத்திறன் என்ற கோட்பாட்டின் முதல் விதியே, மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கு அதிக நேரம், குறைவாக உள்ளவருக்குக் குறைந்த நேரம் என்பதுதான். குறைந்த இடர் உள்ளவரைப் போட்டு நெருக்கினால் நிலைமை மோசமாகவும் போகும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் இடைத்தங்கல் இல்லங்களை வைத்து 2002-இல் வந்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. காரணம் எளிது. அவருக்கு ஏற்கெனவே வேலை, வீடு, நல்ல சகவாசம் எல்லாம் இருக்கும். வாராவாரம் வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னால் வேலை போகும். உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில், அதிக இடர் உள்ள இரண்டு பேருடன் பழக்கமும் ஆகிவிடும்.

ஆகவே மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 8 பேர் அதிகம், 14 பேர் நடுத்தரம், 18 பேர் குறைவு என்று வைப்போம். அதிக இடர் உள்ளவருக்கு வாரம் 45 நிமிடச் சந்திப்பு, இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு, மாதம் ஒரு வீட்டு வருகை, குறிப்பு எழுதுவது எல்லாம் சேர்த்து மாதம் 8 மணி. நடுத்தரத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு மாதம் 3 மணி. குறைந்த இடருக்கு மாதம் ஒரு அழைப்பு, குறிப்போடு அரை மணி. 64, 42, 9. ஆகமொத்தம் 115 மணி. புதிதாக வரும் நால்வருக்கு ஆளுக்கு 15 மணி வீதம் 60. மிச்சம் 89 மணி இருக்கும். நீதிமன்றம், மருத்துவமனை, ராத்திரி வரும் போன் எல்லாவற்றையும் அதுதான் தாங்க வேண்டும். வீணாகக் கிடக்கிறது என்று அதையும் சந்திப்புகளால் நிரப்பிவிடாதீர்கள்.

பிரிக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குற்றம் எவ்வளவு கொடியது என்பதையும், மறுபடி செய்வாரா என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். கொலைக்காக நீண்ட காலம் உள்ளே இருந்து ஐம்பது வயது தாண்டி வருபவர் பெரும்பாலும் குறைந்த இடர்ப் பிரிவில்தான் வருவார். போதைக்காகச் சில்லறைத் திருட்டு செய்து ஏழெட்டு முறை உள்ளே போய்வந்த 22 வயதுப் பையன் மேல்தட்டில் நிற்பார். கேட்பவர்களுக்கு இது ஏறுக்குமாறாகப் படும். நிர்வாகக் குழுவிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பாரபட்சம் என்ற பேச்சுக்கும் அதுவே பதில்: எல்லாருக்கும் ஒரே அளவுகோல், அளவுதான் வேறு.

மதிப்பீட்டை ஒருமுறை போட்டுக் கோப்பில் மூடி வைக்காதீர்கள். முதல் கைதின்போது என்ன வயது, முன்பு எத்தனை தண்டனை என்பதெல்லாம் மாறாதவை. குடி, சகவாசம், வேலை, வீட்டுச் சண்டை ஆகியவை மாறுபவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வேலை போனாலோ வீடு மாறினாலோ அப்போதே ஒருமுறையும் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, மதிப்பெண் கொடுக்கும் படிவம் எந்த மக்கள்தொகையை வைத்துத் தயாரானதோ அவர்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். வெளியிலிருந்து எடுத்து வந்தால் எண்ணை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாலாம் படி:

முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரம் விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது என்பதே என் பதில். கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 107-ஆவது விதி, தண்டனை தொடங்கும்போதே வெளிவரும் வாழ்க்கையையும் யோசிக்கச் சொல்கிறது. 108-ஆவது விதி இன்னும் நேரடியானது: அடையாள ஆவணங்கள், தங்க இடம், வேலை, பருவத்துக்கேற்ற உடை, ஊர் போய்ச் சேரவும் தொடக்க நாட்களை ஓட்டவும் தேவையான வழிவகை. இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துச் சரிபார்ப்புத் தாளாக்கினாலே உங்கள் வரைவில் பாதி முடிந்துவிடும்.

90 நாள் முன்பு தொடங்க வேண்டியது அடையாள ஆவணம். அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, சிம் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, சம்பளமும் இல்லை. விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் என்பதால் 60-ஆம் நாளும் 30-ஆம் நாளும் கேட்டு நினைவூட்ட வேண்டும். அதே சமயத்தில் வேறு நீதிமன்றத்தில் நிலுவை வழக்கு, பிடியாணை, கட்டாத அபராதம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இதை விட்டுவிட்டால் வாசலில் குடும்பம் காத்திருக்கும்போதே வேறு வழக்கில் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு உங்கள் பேச்சை அந்தக் குடும்பம் நம்பாது.

60 நாள் முன்பு முகவரி. 'அண்ணன் வீட்டில் தங்குவேன்' என்று அவர் சொன்னால் போதாது. அந்த வீட்டில் யார் பெயரில் வாடகை, யார் யார் இருக்கிறார்கள், குழந்தைகள் உண்டா, பாதிக்கப்பட்டவரின் வீடு எவ்வளவு தூரம் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். முக்கியமாக, அண்ணியிடம் தனியாகப் பேசுங்கள். கணவன் எதிரில் கேட்டால் 'வரட்டும், எங்களுக்கு என்ன' என்பார். தனியாகக் கேட்டால் எத்தனை நாள் தாங்குவார் என்று சொல்லிவிடுவார். இரண்டு வாரம்தான் என்றால் அதுவும் நல்ல தகவல்தான். 15-ஆம் நாளுக்கு வேறு இடம் இப்போதே தேடலாம். தேடாமல் விட்டால் 15-ஆம் நாள் ராத்திரி 11 மணிக்குப் பையோடு தெருவில் நிற்பார்.

விடுதலை நாள் வாரக் கடைசியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி மாலை வெளியே வருபவருக்குத் திங்கள் வரை எந்த அலுவலகமும் திறந்திருக்காது. இங்கிலாந்தில் இதற்கென்றே 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வார இறுதியை ஒட்டி விடுதலையாகும், ஆதரவு தேவைப்படும் கைதிகளை இரண்டு வேலைநாள் வரை முன்னதாக அனுப்பலாம். உங்கள் இடத்தில் அப்படி ஒரு வழி இல்லையென்றால், சனி ஞாயிறுக்கு ஒரு ஆளின் தொலைபேசி எண்ணாவது கையில் இருக்க வேண்டும்.

அன்றைய தினம் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். அது தன்னார்வலராக இருந்தாலும் போதும், ஆனால் முன்பே ஒருமுறை சிறையில் வந்து முகம் காட்டியவராக இருக்க வேண்டும். வாசலிலிருந்து தங்குமிடம் வரை கூடவே போவது. வழியில் சிம் போட்ட ஒரு சாதாரண போன், அதில் மூன்று எண்கள் பதிந்து கொடுப்பது. நீண்ட காலம் உள்ளே இருந்தவர் என்றால் வேறு மாதிரி தடுமாற்றங்கள் இருக்கும். கதவு முன்னால் போய், யாராவது திறப்பார்கள் என்று நிற்பார். கூட்டத்தில் மூச்சு முட்டும். திரைதொட்டுப் பணம் செலுத்துவது புரியாது. எதை வாங்குவது என்று கேட்டாலே கையும் ஓடாது காலும் ஓடாது, ஏனென்றால் பல ஆண்டுகளாக அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ குறிப்பில் எழுதும் ஊழியர்கள் உண்டு. எழுதவிடாதீர்கள்.

முதல் வாரம் மூன்று தொடர்பு: வந்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள். இரண்டாம் வாரம் இரண்டு. முதல் மாதம் முடியும் வரை வாரம் ஒன்று. பிறகுதான் கோப்புக்காரன் சொன்ன பிரிவுக் கணக்கு. முதல் மாதத்தில் குறைந்த இடர்க்காரருக்கும் கொஞ்சம் கூடவே கொடுங்கள், ஆனால் அது ஆவணத்துக்கும் இருப்பிடத்துக்குமான உதவியாக இருக்கட்டும். விசாரணை மாதிரி ஆகிவிடக் கூடாது.

மருந்துச்சீட்டு:

மேலே சொன்ன தாளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் மறுகுற்றத்துக்கு முன்னால் உயிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியேவந்த 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களுடைய இறப்பு வாய்ப்பு மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறி இறப்பது மட்டும் 129 மடங்கு.

காரணம், உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி இறங்கிவிடுகிறது. பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதை விடுதலைக்கு முந்தைய வாரமே நேருக்கு நேர், சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். 'எடுக்கவே கூடாது' என்ற உபதேசத்தோடு நிறுத்திக்கொண்டால் காதில் ஏறாது. 'உன் உடம்பு இப்போது புது உடம்பு, பழைய அளவு உன்னைக் கொல்லும், தனியாக ஒருபோதும் இருக்காதே' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்டுப் பழக்கம் இருந்தவர் என்றால் மெத்தடோன் அல்லது புப்ரெனார்பின் சிகிச்சை உள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும், வெளியே வந்த மறுநாள் அடுத்த வேளை எங்கே கிடைக்கும் என்பது தேதி போட்டு எழுதியிருக்க வேண்டும். அளவு மீறிய ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலோக்சோன் கிடைக்கும் இடங்களில் அவர் கையில் கொடுப்பதைவிடக் கூட இருப்பவருக்குப் பழக்கிக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

மனநோய், வலிப்பு, காசநோய், எச்ஐவி, நீரிழிவு மருந்துகள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு, முடிந்தால் ஒரு மாதத்துக்குக் கையில். கூடவே மருத்துவச் சுருக்கம் ஒரு பக்கம். காசநோய் மருந்து பாதியில் நின்றால் அவர் ஒருவருக்கு மட்டுமான ஆபத்து அல்ல, மருந்துக்கு அடங்காத காசநோயாகி வீடு முழுக்கப் பரவலாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் அன்றோ மறுநாளோகூட வலிப்பு வரலாம்.

ஓடக்கரை:

மணிக்கணக்கைப் பார்த்ததும் வரைவைக் கிழித்துவிட்டேன், நன்றி. இரண்டு விஷயம் இன்னும் தெளியவில்லை. சந்திப்பில் உட்கார்ந்து என்னதான் பேசுவது? 17 நிபந்தனையையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பதாகத்தான் படிவம் வைத்திருந்தேன். அடுத்து, வேலை வாங்கிக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும் என்று எங்கள் குழுவில் ஒரு கருத்து பலமாக இருக்கிறது. அது சரியா?

தறி:

படிவத்தை மாற்றுங்கள். கனடாவின் மனிடோபாவில் நன்னடத்தை அலுவலர்களின் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நிபந்தனைகளைப் பற்றியே 15 நிமிடத்துக்கு மேல் பேசிய சந்திப்புகளில் இருந்தவர்களிடம் மறுகுற்றம் அதிகமாக இருந்தது. நிபந்தனை பேசுவது தவறில்லை. அது நேரத்தையெல்லாம் விழுங்கிவிட்டால் குற்றத்துக்குக் காரணமான எதையும் தொட முடிவதில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் அங்கே அலுவலர்களுக்கு வேறுவிதப் பயிற்சியை வடிவமைத்தார்கள்.

45 நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன். முதல் 5 நிமிடம்: நெருக்கடி ஏதும் உண்டா, முகவரி, வேலை மாறியதா, நிபந்தனையில் தடங்கலா. அடுத்த 10: போன முறை கொடுத்த சிறுபணி என்ன ஆயிற்று. அடுத்த 20 நிமிடம் ஒரே ஒரு விஷயம். உதாரணமாகப் பழைய கூட்டாளி அழைத்தபோது என்ன நினைத்தார், உடம்பில் என்ன தோன்றியது, என்ன செய்தார், வேறு என்ன செய்திருக்கலாம் என்ற சங்கிலி. பிறகு அதையே நடித்துப் பார்ப்பது. ஊழியர் கூட்டாளியாகப் பேசுவார், அவர் மறுத்துக் காட்ட வேண்டும். கேட்க நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் 'வரமாட்டேன்' என்ற சொல் வாயில் ஒருமுறையாவது வந்து பழகாவிட்டால் தெருமுனையில் வராது. கடைசியில் அடுத்த பணி, அடுத்த தேதி. தேதியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள், முந்தின நாள் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

இனி அந்த 17. ஒவ்வொரு நிபந்தனைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் செய்த குற்றத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா? அவரால் உண்மையில் இதைச் செய்ய முடியுமா? மீறினால் நமக்குத் தெரியவருமா? 'தீய சகவாசம் கூடாது' மூன்றாம் கேள்வியில் விழும். அவர் வசிக்கும் தெருவே அப்படி என்றால் இரண்டாம் கேள்வியிலும் விழும். அதற்குப் பதில் இன்னின்ன இரண்டு பேரைச் சந்திக்கக்கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். காலை 8 முதல் 5 வரை வேலை, 11 மணிக்குக் கையெழுத்து, 4 மணிக்குக் குடிநோய் வகுப்பு என்று மூன்று அலுவலகங்கள் தனித்தனியாக நிபந்தனை போட்டிருக்கும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை மீறத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தாளில் எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஆறேழு நிபந்தனைக்கு மேல் நிற்காது என்று நினைக்கிறேன்.

வராதவரைப் பற்றி. 'மூன்று முறை வராவிட்டால் அறிக்கை' என்பது இரண்டு பக்கமும் கெடுதல். முதல் இரண்டு முறை ஒன்றும் நடக்காது என்று சொல்லிக்கொடுக்கிறது, மூன்றாவதில் திடீரென்று கூரையே இடிந்து விழுகிறது. வராத அன்றே மாலைக்குள் அழைப்பு. எடுக்காவிட்டால் மறுநாள் வீட்டுக்கு. காரணம் தெரிந்த பிறகு அதற்கேற்ற நடவடிக்கை. மறந்தார் என்றால் நினைவூட்டல், வேலை நேரம் மோதுகிறது என்றால் நேரத்தை மாற்று, தவிர்க்கிறார் என்றால் எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த வாரம் இரண்டு முறை வர வேண்டும், அதற்கும் மேலே என்றால் அறிக்கை. இந்தப் படிகளை முதல் நாளே காட்டிவிட வேண்டும். ஆனால் அதிக இடர் உள்ளவர் காணாமல் போனாலோ, பாதிக்கப்பட்டவரின் வீட்டுப் பக்கம் போனாலோ படி ஏதும் கிடையாது, அன்றே அறிக்கை.

உடனடித் தண்டனையே போதும் என்று யாராவது ஹவாயைக் காட்டுவார்கள். 2004-இல் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் தொடங்கிய ஹோப் திட்டத்தில், மீறினால் உடனே, தவறாமல், ஆனால் சில நாள் மட்டும் சிறை. அங்கே பலன் நன்றாக இருந்தது. அதையே நான்கு இடங்களில் கவனமாகச் செய்துபார்த்தபோது வழக்கமான மேற்பார்வையைவிட மறுகுற்றம் குறையவில்லை, முடிவு 2016-இல் வந்தது. வேகமும் ஒழுங்கும் வேண்டியவைதான். அவை மட்டும் போதாது. ஒரு கண்டிப்புக்கு நாலு பாராட்டு என்ற விகிதத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வந்ததைக்கூட வாய்விட்டுச் சொல்லலாம். பலருக்கு அவர்கள் செய்த நல்லதை யாரும் சொல்லிக் கேட்ட பழக்கமே இருக்காது.

அந்திவேளை:

வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்பதில் பாதிதான் உண்மை. கிறிஸ்டஃபர் அக்கன் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை கொடுத்ததால் குற்றம் குறைந்தது 27 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம்தான். இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆக 35 வயதுக்காரருக்கு முதல் நாளே வேலை தேடுங்கள். 20 வயதுப் பையனுக்கு வேலையோடு கூடவே சகவாசத்தையும் பொழுதையும் பார்க்காவிட்டால், பழைய கூட்டாளிகளோடு செலவழிக்கச் சம்பளம் வந்தது என்றுதான் ஆகும்.

நாலாம் படி பட்டியலில் ஆவணத்தை முதலில் வைத்ததை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் காசு பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். இன்று சேர்ந்தால் சம்பளம் 30 நாள் கழித்து. அந்த 30 நாள் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வேலைக்கான காலணி எல்லாம் எங்கிருந்து வரும்? கடன் வாங்குவார், அதுவும் யாரிடம் வாங்குவார் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முதல் மாதம் நாள்கூலி அல்லது வாரக்கூலி வேலை, இல்லையென்றால் அமைப்பே சிறு முன்பணம். முழுச் சம்பளம் முதன்முறையாகக் கைக்கு வரும் வாரமும் வழுக்குப் பாறைதான். அந்த வாரம் ஒரு சந்திப்பைத் தள்ளிப்போடாமல் வையுங்கள். உட்கார்ந்து அபராதத்துக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்பதை முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும். நாலு வாக்கியம் போதும்: என்ன குற்றம் என்று ஒரு வரி, எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு என்ன கற்றேன், இந்த வேலையில் என்ன செய்ய முடியும். கதை நீளக்கூடாது, பொய்யும் கூடாது. முதலாளிக்கு ஒரே ஒரு தொடர்பு எண் கொடுத்துவிடுங்கள். வேலையிடத்துக்கு அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். பக்கத்து மேசைக்காரர் கேட்பார், மறுநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

குடும்பத்தையும் வார்டனாக்காதீர்கள். 'எத்தனை மணிக்கு வந்தார் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டால், அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் உடையும். எதை நாம் மேலிடத்துக்குச் சொல்வோம், எதைச் சொல்லமாட்டோம் என்பதை அவருக்கும் குடும்பத்துக்கும் முதல் நாளே ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் ஒருவரே பாதிக்கப்பட்டவர் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. அவருக்குத் தனி ஊழியர், தனி எண். விடுதலைத் தேதியும் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கோப்புக்காரன்:

ஜிபிஎஸ் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு தொண்டு அமைப்பு அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. நீதிமன்றமோ அரசோ விதித்தால் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பட்டையை வாங்குவது எளிது, ராத்திரி 2 மணிக்கு எச்சரிக்கை ஒலித்தால் எழுந்து பார்க்க ஆள் வேண்டும். தினமும் மணிக்கணக்காக மின்னேற்றம் செய்ய வேண்டும். வீட்டில் மின்சாரம் நிலையில்லாதவர் இதனாலேயே மீறியவராகப் பதிவாவார். கான்கிரீட் கட்டடத்துக்குள் இடம் தவறிக் காட்டும். எங்கே இருக்கிறார் என்றுதான் அது சொல்லும், என்ன செய்கிறார் என்று சொல்லாது.

கண்காணிப்பு கூடினால் குற்றம் குறையும் என்பதை ராண்ட் ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் 14 இடங்களில் சோதித்து 1993-இல் வெளியிட்டது. நெருக்கிக் கண்காணித்ததில் புதுக் குற்றம் குறையவில்லை. நிபந்தனை மீறல்கள்தான் அதிகமாகக் கண்ணில் பட்டன, அதனால் சிறைக்குத் திரும்பியவர்கள் கூடினார்கள். உங்கள் ஆண்டறிக்கையில் 'நிபந்தனை மீறல்' ஒரு பத்தி, 'புதுக் குற்றம்' வேறு பத்தி என்று பிரித்து எண்ணுங்கள். சேர்த்து எண்ணினால் கடுமையாக இருக்கும் ஊழியரின் ஆட்கள் எல்லாரும் கெட்டவர்களாகத் தெரிவார்கள்.

தறி:

நன்கொடையாளர் பணத்தைத் திருப்ப வேண்டாம், தன்னார்வலர்களின் ஆதரவு வட்டங்களுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். 1994-இல் கனடாவின் ஹாமில்டனில் ஒரு மென்னோனைட் போதகர் தொடங்கிய முறை அது. பாலியல் குற்றத்துக்காகச் சிறையிருந்து, வெளியே ஒருவரும் இல்லாதவரைச் சுற்றி 4 முதல் 6 தன்னார்வலர்கள். வாரம் ஒருமுறை கூடுவார்கள், இடையில் முறைவைத்து ஒருவர் அழைப்பார். வெளிவட்டத்தில் உளவியலாளர், நன்னடத்தை அலுவலர் போன்றவர்கள் ஆலோசனைக்கு. தொடங்கும் முன் எழுத்து ஒப்பந்தம், அதில் 'இந்த வட்டத்துக்குள் ரகசியம் கிடையாது' என்பது முக்கியமான வரி. பணம் பயிற்சிக்கும் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கும்தான் போகும். தன்னார்வலர் ஒருவர் மட்டும் தனியே நெருக்கமாகிவிட்டால் வட்டம் உடைந்துவிடும், அதைக் கவனிக்கத்தான் ஒருங்கிணைப்பாளர்.

மருந்துச்சீட்டு:

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் தரும் முகவரி பல நேரம் அவர்களை அடித்தவரின் முகவரியாகவே இருக்கும், ஏனென்றால் வேறு முகவரி இல்லை. முகவரி விசாரணையில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கேளுங்கள். குழந்தைகளை முதல் நாளே கையில் ஒப்படைத்து விடாதீர்கள். இரண்டு மணி நேரச் சந்திப்பு, பிறகு ஒரு பகல், பிறகு ஒரு இரவு என்று ஏறுங்கள். குழந்தைக்கு அம்மா புதியவர், அம்மாவுக்கும் குழந்தை வளர்ந்து போயிருக்கும். பெண் கைதிகளுக்கான ஐ.நா.வின் 2010 பாங்காக் விதிகள் இந்தப் பகுதிக்கு வாசிக்க வேண்டியவை.

ஓடக்கரை:

புது வரைவில் நிபந்தனை 6, மூன்று பிரிவு, வாசலில் ஒரு ஆள், முதல் இரண்டு வாரத்துக்கு மருத்துவத் தாள் என்று எழுதிவிட்டேன். பட்டை இல்லை. கோப்பை எப்போது மூடுவது என்று மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.

நாலாம் படி:

தேதி போட்டு மூடாதீர்கள், ஆனால் தேதி இல்லாமலும் விடாதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே முகவரி, ஏதாவது ஒரு வருமானம், புது வழக்கு இல்லை, மருந்து எடுப்பவர் என்றால் சிகிச்சை தடைபடவில்லை என்ற நான்கும் இருந்தால் ஒரு படி கீழே இறக்குங்கள். அங்கிருந்து மூன்று மாதம் கழித்து அடுத்த படி. சட்டப்படி விதிக்கப்பட்ட மேற்பார்வை இருந்தால் அதன் காலத்தை நீங்கள் குறைக்க முடியாது, உங்கள் சந்திப்புகளின் அளவை மட்டும் குறைக்கலாம். கடைசிச் சந்திப்பு எது என்பதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்தினால் சிலர் வேண்டுமென்றே எதையாவது இழுத்துவிட்டுக்கொண்டு திரும்ப வருவார்கள். மூடிய பிறகும் அவர் உங்களை அழைக்கும் தொலைபேசி எண் மாறாமல் இருக்கட்டும்.

ஓடக்கரை:

எழுதிக்கொண்டேன். எண்ணை ஊழியரின் பெயரில் வாங்காமல் அமைப்பின் பெயரில் வாங்குகிறோம்.

நாலாம் படி:

ஆமாம், ஊழியர் விலகினாலும் எண் விலகாது. இரவு 9-க்குப் பிறகு அது எந்த ஊழியரின் கைபேசிக்குப் போகும் என்ற முறைப்பட்டியலையும் இப்போதே போட்டுவிடுங்கள். இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கொடுத்துவிடாதீர்கள்.